விறகு போதவில்லையா, விறகு காயவில்லையா?

கோத்தகிரி பக்கம் தேயிலையும் கேரட்டும் பயிர் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘வீட்டுக்கு வெளியே தகரக் கொட்டகையில் செம்பு பாய்லர் இருக்கிறது. ஐந்து பேர் குளிக்க தினமும் 10 கிலோ விறகு போகிறது. அக்டோபரில் வெட்டிய சீகை விறகு பொங்கல் வரை வராது போலிருக்கிறது. விடியற்காலையில் சுள்ளி பொறுக்கப் போகும் அம்மாவுக்குக் காட்டெருமை பயம் வேறு. விறகை மிச்சப்படுத்த வழி உண்டா? பாய்லரில் மிஞ்சும் கங்கைச் சட்டியில் அள்ளி, இரவில் அம்மா படுக்கும் அறையில் வைக்கிறோம். அது நல்லதுதானே?’

கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில். கங்குச் சட்டி இன்று இரவிலிருந்தே அறைக்குள் போகக் கூடாது. புகை அடங்கிய கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்த அறையில் தூங்குகிறவருக்குத் தலைவலியோ மயக்கமோ வருவதுகூடத் தெரியாது. மலையூர்களில் இப்படி உயிர் போன வீடுகள் உண்டு. அம்மாவுக்கு அதே பாய்லர் தண்ணீரை ரப்பர் பையில் ஊற்றிக் கொடுத்தால் போதும். கங்கை இறுக்கமான மூடி போட்ட இரும்பு டின்னில் கொட்டி வெளியிலேயே வைத்தால், காற்றில்லாமல் அணைந்து கரியாகிவிடும். மறுநாள் அடுப்புப் பற்றவைக்க ஆகும்.

இனி விறகுக் கணக்கு. ஐந்து பேருக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 12 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 42 டிகிரிக்குக் கொண்டுவர 3,000 கிலோ கலோரி வெப்பம் போதும். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 3,500 கிலோ கலோரி இருக்கிறது. பாய்லரும் புகைக்குழாயும் பெரும்பங்கை வீணாக்கினாலும் மூன்று, நான்கு கிலோவில் வேலை முடிய வேண்டும். பத்து கிலோ எப்படிப் போகிறது?

பச்சை விறகின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். பத்து கிலோவில் நான்கைந்து கிலோ. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகப் போக 600 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். அதாவது விறகுக்குள் இருக்கும் ஈரத்தை விரட்டச் செலவாகும் வெப்பத்திலேயே குடும்பம் முழுக்கக் குளித்துவிடலாம்! கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர்தான் வடகிழக்குப் பருவமழை. அப்போது வெட்டி அடுக்கிய விறகு டிசம்பரில் எப்படிக் காய்ந்திருக்கும்? எரியும்போது நுனியில் நுரை தள்ளி ‘உஸ்’ என்றால் ஈரம் என்று பொருள். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும்.

அடுத்த குளிருக்கான விறகை வரும் பிப்ரவரியிலேயே வெட்டிப் பிளந்துவிட வேண்டும். கற்பூர மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளப்பது நல்லது. காய்ந்தால் கோடரி இறங்காது. மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, கல் வைத்துத் தரையிலிருந்து அரையடி தூக்கி அடுக்க வேண்டும். மேலே மட்டும் தகரம். தார்ப்பாயால் நாலுபுறமும் சுற்றிக் கட்டினால் உள்ளேயே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்; பலர் செய்கிற தவறு இது. மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கோடரியை எடுப்பது நல்லது. தேயிலை கவாத்துக் குச்சிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது சீக்கிரம் காயும், நன்றாக எரியும்.

இந்தக் குளிருக்கு, இருக்கிற விறகை இன்னும் மெல்லிசாகப் பிளந்து கொட்டகைக்குள் அடுக்கலாம். பாய்லரிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். காய்ந்த கவாத்துக் குச்சியில் தீ நன்றாகப் பிடித்த பிறகே சீகை விறகை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். விறகு மிச்சமாகும் என்று காற்றுவழியை அடைத்தால் புகைதான் மிச்சம். நடுக்குழாயில் படியும் கரியை வாரம் ஒருமுறை தட்டி எடுக்காவிட்டால் சூடு தண்ணீருக்கு ஏறாது. ராத்திரியே காய்ச்சி வைப்பதும் வீண். திறந்த கொட்டகையில் விடிவதற்குள் ஆறிவிடும். குளிக்கும் நேரத்துக்குப் பற்றவைத்து, ஐந்து பேரும் அடுத்தடுத்துக் குளிக்கலாம். சாயங்காலம் குளிக்க முடிந்தால் இன்னும் லாபம்: கறுப்பு டிரம்மில் பகல் வெயிலில் காய்ந்த தண்ணீரைப் பாய்லரில் ஊற்றினால் விறகு கணிசமாகக் குறையும். எந்த அவசரத்திலும் தண்ணீர் நிரப்பாமல் பற்றவைக்கக் கூடாது, பற்று விட்டுப்போகும்.

சாம்பலைக் கேரட் பாத்திக்குத் தூவலாம். புளிப்பு மண்ணுக்கு நல்லது, சாம்பல் சத்தும் கிடைக்கும். தேயிலைக்கு வேண்டாம், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். யூரியாவோடு கலந்தும் போடக் கூடாது, தழைச்சத்து காற்றோடு போய்விடும்.