ஊசி போடும் கைக்கே ஊசி கட்டாயமா? மருத்துவமனை ஊழியர்களும் ஃப்ளூ தடுப்பூசியும்

ஐசியு-வில் இருக்கும் உங்க அப்பாவுக்கு பிபி பார்க்க வரும் நர்ஸ், இந்த வருஷம் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டாரா? நம்மில் பலர் இதைக் கேட்டிருக்கவே மாட்டோம். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தக் கேள்வி வேலைநீக்கம், வழக்கு வரைக்கும் போயிருக்கிறது.

ஏன் ஊழியர்களுக்கு?

ஃப்ளூ தொற்றியவர், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அடுத்தவருக்குப் பரப்பலாம். 'சாதாரண சளிதானே' என்று டியூட்டிக்கு வருபவர்களும் உண்டு. நமக்கு நாலு நாள் காய்ச்சலோடு முடிவது, கீமோதெரபி எடுப்பவருக்கும் முதியவருக்கும் நிமோனியாவாக மாறலாம். அவர்கள் பலருக்குத் தடுப்பூசி போட்டாலும் முழுசாக வேலை செய்யாது. அதனால் பக்கத்தில் இருப்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் லாஜிக்.

கட்டாயமாக்கினால் என்ன ஆகும்?

எண்ணிக்கை ஏறும். அதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2005-இல் இதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன் பாதிக்குச் சற்று மேல்தான் போட்டிருந்தார்கள். முதல் வருடத்திலேயே அது 97.6 சதவீதம் ஆனது. செயின்ட் லூயிஸின் பிஜேசி ஹெல்த்கேர், 2008-இல் சுமார் 26,000 பேருக்கு இதே விதியைக் கொண்டுவந்தது. 98.4 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள். மறுத்து வேலை இழந்தவர்கள் 8 பேர்.

அப்புறம் எதற்கு எதிர்ப்பு?

வர்ஜீனியா மேசனில் நர்ஸ்கள் சங்கம் எதிர்த்தது. சங்கத்தோடு பேசாமல் இப்படி ஒரு நிபந்தனையைத் திணிக்க முடியாது என்ற வாதம் ஜெயித்தது. போடாத நர்ஸ்கள் மாஸ்க் அணிய வேண்டும் என்றானது.

'ஊசி அல்லது மாஸ்க்' என்ற இதே விதிதான் கனடாவின் ஒன்டாரியோவில் அடி வாங்கியது. 2015-இலும் 2018-இலும் நடுவர்கள், இந்த விதிக்கு அறிவியல் ஆதாரம் போதவில்லை என்று நர்ஸ்கள் பக்கம் தீர்ப்பு சொன்னார்கள்.

இன்னொரு சிக்கல், தடுப்பூசியே. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் வருடாவருடம் போட வேண்டும். வைரஸோடு நன்றாகப் பொருந்தும் வருடங்களில் பாதுகாப்பு பொதுவாக 40 முதல் 60 சதவீதம். பொருந்தாத வருடங்களில் இன்னும் குறைவு. ஊழியர்கள் போட்டுக்கொள்வதால் நோயாளிகளின் மரணம் குறைகிறது என்று சொன்ன முக்கிய ஆய்வுகள், பிரிட்டன், பிரான்ஸ் முதியோர் இல்லங்களில் நடந்தவை. பெரிய மருத்துவமனைக்கு அப்படியே பொருந்துமா என்ற விவாதம் ஓயவில்லை.

இந்தியாவில் என்ன நிலை?

மத்திய சுகாதார அமைச்சகம், சுகாதாரப் பணியாளர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறது. ஆனால் கட்டாயம் இல்லை. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2-ஆம் தேதி கோவிட் தடுப்பூசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், பொது சுகாதாரத்துக்காக அரசு நியாயமான, அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் சொன்னது.

ஆக, எது சரி?

நோயாளிக்கு நர்ஸைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை. அதுதான் கட்டாயத்துக்கான வலுவான வாதம். ஆனால் பாதியளவே காக்கும் ஊசிக்காக ஒருவரின் வேலையைப் பறிப்பது அளவுக்கு மீறியது என்பதும் நியாயமான வாதம்தான்.

கட்டாயம் என்று பேசுவதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஊசி இலவசமாக, நைட் ஷிஃப்ட்டில் இருப்பவருக்கும் வார்டிலேயே கிடைக்க வேண்டும். துப்புரவுப் பணியாளர், ஒப்பந்த ஊழியர் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். முக்கியமாக, காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவ். லீவ் போட்டால் சம்பளம் கட் ஆகும் என்றால், காய்ச்சலோடுதான் டியூட்டிக்கு வருவார்கள். அதை எந்த ஊசியும் தடுக்காது.