காதில் பஞ்சு வைத்துக்கொள்வதற்குப் பெயர் ப்ரைவசியா?

பதிவு கொஞ்சம் நீளம். பாதி படித்துவிட்டு லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் கடைசி பெஞ்சைப் பார்த்தே பாடம் நடத்தியவன் நான்.

போன ஆடியில் மலைக்கோயில் திருவிழாவுக்குத் தொண்டு செய்யப் போன நம் பிள்ளைகள் ஆறு வாக்கி டாக்கி வாங்கினார்கள். நல்ல யோசனைதான். ஒடுகத்தூரைத் தாண்டி மலைப் பாதையில் ஏறினால் பல இடங்களில் டவர் கிடைக்காது. அடிவாரத்தில் இரண்டு, நடுவளைவில் இரண்டு, மேலே இரண்டு என்று பிரித்துக்கொண்டார்கள். சாயங்காலம் நடுவளைவில் ஒரு பையனைப் பாம்பு கடித்துவிட்டது. உடன் இருந்தவன் செட்டை எடுத்து அடிவாரத்தைக் கூப்பிட்டான். பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். அடிவாரத்தில் நின்றவன் கையில் இருந்த செட்டில் பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது, ஒரு சத்தமும் வரவில்லை. "வேற யாரோ பேசுறாங்க போல" என்று அவன் இடுப்பில் மாட்டிக்கொண்டான். கடைசியில் ஒருவன் ஓடியே இறங்கி வந்து சொன்னான். முப்பத்தைந்து நிமிஷம் போய்விட்டது. பையன் பிழைத்துவிட்டான். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

காரணம் என்ன? செட்டுகளில் "ப்ரைவசி கோடு" போட்டிருந்தார்கள். நடுவளைவில் இருந்த செட்டை யாரோ பட்டனை நோண்டி ரீசெட் செய்திருக்கிறார்கள், அதில் கோடு அழிந்துவிட்டது. கோடு இல்லாத குரலை அடிவாரத்து செட் ஸ்பீக்கருக்கு அனுப்பவில்லை.

இதை நான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். உடனே என் அக்கா மகன், இன்ஜினியர் மாப்பிள்ளை, பதில் போட்டான்: "மாமா, கோடு போட்டது தப்பில்ல. அந்த ஒரு செட்ல கோடு போனதுதான் தப்பு. கோடு இல்லன்னா நாம பேசுறத ஊரே கேக்கும்." அதற்குக் கீழே பதினொரு பேர் கட்டை விரல் காட்டியிருந்தீர்கள். அதில் நான்கு பேர் என்னிடம் இயற்பியல் படித்தவர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

அந்தக் கோடு என்ன செய்கிறது என்று பாருங்கள். நீங்கள் பட்டனை அழுத்திப் பேசும்போது உங்கள் குரலோடு சேர்த்து ஒரு மெல்லிய முனகலையும் செட் அனுப்புகிறது. 67 ஹெர்ட்ஸிலிருந்து சுமார் 250 ஹெர்ட்ஸ் வரைக்குள் ஏதோ ஒன்று. உதாரணத்துக்கு 88.5. கேட்கிற செட்டின் ஸ்பீக்கருக்குப் போகுமுன் அந்தத் தாழ்ந்த ஒலியை வடிகட்டிவிடுவதால் நம் காதுக்கு அது தெரியாது. இதற்குத்தான் சி.டி.சி.எஸ்.எஸ். என்று பெயர். ஒலிக்குப் பதிலாக எண்ணாக அனுப்பினால் டி.சி.எஸ். கேட்கிற செட் அந்த முனகல் இருந்தால் ஸ்பீக்கரைத் திறக்கும், இல்லையென்றால் மூடியே வைத்திருக்கும். அவ்வளவுதான் வேலை. உங்கள் குரலை அது மறைப்பதில்லை, கலைப்பதில்லை, பூட்டுவதில்லை. குரல் திறந்த வெளியில் அப்படியே போகிறது. கேட்கிற பக்கம் டோனை அணைத்து வைத்தவன் ஒரு சொல் விடாமல் கேட்பான்.

வகுப்பில் நான் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பதினேழாம் நம்பர்க்காரன் தன் நம்பர் வரும்வரை காதைக் கொடுக்கமாட்டான். அதனால் நான் மற்ற நம்பர்களை ரகசியமாகக் கூப்பிட்டேன் என்று ஆகுமா?

மாப்பிள்ளை நம்பவில்லை. சரி, பந்தயம் என்றேன். எந்தச் சேனல், எந்தக் கோடு என்று என்னிடம் சொல்லாமல் அவனும் அவன் நண்பனும் உத்திரகாவேரிப் பக்கம் போய்ப் பேசிக்கொள்ளட்டும். நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டோனை அணைத்துவிட்டுச் சேனல்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "மாமா இந்நேரம் தலையப் பிச்சுக்கிட்டு இருப்பாரு, பிரியாணி அவர் செலவு" என்று தெளிவாகக் கேட்டது. போன் போட்டேன். பிரியாணி அவன் செலவில் வந்தது. அதற்குப் பிறகும் பெட்டியில் ப்ரைவசி என்றுதானே போட்டிருக்கிறது என்று அவன் கேட்டதுதான் என் கோபம்.

பெட்டியில் போட்டிருக்கிறது! பெட்டியில் 8 சேனல், 121 கோடு, மொத்தம் 968 சேனல் என்றுகூடப் போடுவார்கள். பெருக்கல் சரி, கணக்கு தப்பு. சேனல் எட்டுதான். எட்டுப் பாதையில் 968 வண்டிக்கு வேறு வேறு நிறம் பூசினால் பாதை 968 ஆகிவிடுமா? ஒரே அதிர்வெண்ணைப் பல நிறுவனங்கள் பங்கு போட்டுக்கொண்டபோது, அடுத்தவன் பேச்சு தன் ஆட்களின் காதைத் தொந்தரவு செய்யாமல் இருக்கத்தான் இது வந்தது. மோட்டோரோலா இதற்கு வைத்த பெயர் 'பிரைவேட் லைன்'. ஜெனரல் எலக்ட்ரிக் வைத்தது 'சேனல் கார்டு'. இரண்டுமே இல்லாத காவலைச் சொல்கிற பெயர்கள். அந்தப் பெயரின் பேரப்பிள்ளைதான் இன்றைக்கு நம் பெட்டியில் இருக்கிற 'ப்ரைவசி கோடு'.

பெயர்தானே, என்ன கெட்டுப்போச்சு என்று கேட்பீர்கள். அதே திருவிழாவில் இரண்டாம் நாள் காணிக்கைப் பணம் எவ்வளவு, யார் கையில், எந்த வளைவு வழியாக எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று முழுவதையும் நான் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டேன். நான் கேட்டதால் பரவாயில்லை. இந்த அலைகள் கண்ணுக்கு நேராகத் தெரிகிற தூரம் போகும். மலைமேல் நின்று பேசினால் அரை வாட் செட்டுகூடச் சமவெளியில் எங்கெங்கோ கேட்கும். கோடு இருக்கிறது என்ற தைரியத்தில் பிள்ளைகள் பெயர், போன் நம்பர், தனியாக நடந்து வருகிற பெண்ணின் அடையாளம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோடே இல்லையென்றால் ஒருவேளை வாயை அடக்கியிருப்பார்கள்.

இன்னொரு கேடு. நம் செட் வாயை மூடி வைத்திருப்பதால் சேனல் காலி என்று நினைத்துப் பட்டனை அழுத்துகிறோம். அங்கே வேறு கோட்டில் வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். எஃப்.எம். முறையில் வலுத்த அலை மெலிந்ததை விழுங்கிவிடும். விழுங்கப்பட்டது கல்யாண வீட்டுச் சமையல்காரர் பேச்சாக இருக்கலாம், உதவி கேட்கும் குரலாகவும் இருக்கலாம். இதற்காகத்தான் பக்கவாட்டில் மானிட்டர் பட்டன் வைத்திருக்கிறான். பேசுமுன் அதை அழுத்திக் கேட்க வேண்டும். உங்களில் எத்தனை பேர் அதை ஒருமுறையாவது தொட்டிருக்கிறீர்கள்?

டோனுக்கு உபயோகமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நாலு கட்டட வேலை நடக்கிற ஊரில் மேஸ்திரிக்குத் தலைவலி குறையும். அதற்குச் சத்தத் தடுப்பு என்று பெயர் வைத்து விற்கட்டும். நான் வாயே திறக்கமாட்டேன்.

இப்போது சிலர் "சார், நான் 5 வாட் செட் வாங்கிட்டேன், 136-லிருந்து 174, 400-லிருந்து 520 மெகாஹெர்ட்ஸ், எந்த நம்பர் வேணும்னாலும் அடிக்கலாம்" என்று பெருமையாகப் படம் அனுப்புகிறீர்கள். அடிக்கலாம், ஆனால் அடிக்கக் கூடாது. காவல்துறை, வனத்துறை வயர்லெஸ் வரும் எல்லையும் அதற்குள்தான் இருக்கிறது. நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் இந்த மாதிரிக் கையடக்கச் செட்டுக்கு 2018 விதிகளில் விட்டிருப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அதுவும் குறைந்த சக்தியில், வகை ஒப்புதல் பெற்ற செட்டுக்கு மட்டும். இந்த விவரம் எதுவும் சொல்லாமல் விற்றதற்காகத்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஆன்லைன் வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. விற்றவனுக்கு நோட்டீஸ் வரும். பிடிபட்டால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்டால், 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையை நினைத்துப் பாருங்கள். சாலை இல்லாமல் ஆம்புலன்ஸ் பாதியில் நிற்க, தாய் உடலைக் கையில் சுமந்து மலை ஏறினாள். நம் அணைக்கட்டு தாலுகாதான். அந்த மாதிரி ஊர்களில் சாலை வேண்டும், டவர் வேண்டும், அதுவரை சட்டப்படி ஊருக்கு இரண்டு செட்டாவது வேண்டும் என்று நாம் மனு கொடுக்க வேண்டியவர்கள். நாமே செட் வாங்கி, நம் கூப்பாடு நமக்கே கேட்காமல் பூட்டி வைத்துக்கொள்கிறோம்.

2004 டிசம்பரில் சுனாமி வந்து அந்தமானில் போன் எல்லாம் செத்துப்போனபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற அம்மாவும் அவர் குழுவும் ஹாம் ரேடியோவில்தான் செய்தி கடத்தினார்கள். ஹாம்காரர்களுக்குப் பொருளை மறைத்துப் பேசவே அனுமதி கிடையாது. எல்லோரும் கேட்கும்படி பேசினார்கள், கேட்டவர்கள் உதவினார்கள்.

ஆகையால் தம்பிகளா, மாப்பிள்ளைகளா, மெனுவில் கேட்கும் பக்கத்து டோனை அணையுங்கள். அனுப்பும் டோன் வேண்டுமானால் இருக்கட்டும், அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. உங்கள் செட் இரண்டையும் சேர்த்தேதான் மாற்றும் என்றால் மொத்தமாகப் பூஜ்யத்தில் வையுங்கள். அவசரத்துக்கு ஒரு சேனலைக் கோடே இல்லாமல் ஒதுக்கி, அதன் நம்பரைச் செட்டின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி எழுதுங்கள். மலை ஏறுமுன் ஆறு செட்டையும் ஒரே இடத்தில் வைத்து ஒவ்வொன்றிலிருந்தும் பேசிப் பாருங்கள், ரீசெட் ஆனது எது என்று அங்கேயே தெரிந்துவிடும். பணம், பெயர், போன் நம்பர் காற்றில் வேண்டாம்.

வர்ற ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் திண்ணையில்தான் இருப்பேன். 446 செட் வைத்திருப்பவர்கள் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சரி செய்துவிடலாம். 5 வாட் வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மாப்பிள்ளை, நீ காலையிலேயே வந்துவிடு. டீ உன் அத்தை போடுவாள், பிஸ்கட் உன் செலவு.