சூசைக்குக் கிடைக்காத சாட்சி

திருச்சபையின் சமூக நீதிப் பணிக்குப் புதுசாகச் சேருகிற நம்ம பிள்ளைகளுக்கு மேலே இருப்பவர்கள் சொல்லும் முதல் புத்தி: ‘மொதல்ல நல்லா செட்டில் ஆகுங்க.’ ஒரு மேசை, ஒரு வண்டி, மாசம் ஒரு அறிக்கை. யாருக்கும் சங்கடம் தராமல் இருக்கப் பழகு என்பதுதான் இதற்கு அர்த்தம். அந்தப் பழக்கம்தான் நமக்கு வேண்டாம்.

சேலம் அம்மாபேட்டையில் வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கள். ‘என்ன ஆளுங்க?’ என்பார் வீட்டுக்காரர். ‘கிறிஸ்டியனுங்க.’ ‘அது செரி, கிறிஸ்டியன்ல என்ன ஆளுங்க?’ ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரையாது என்பது அவருக்குத் தெரிகிறது. டெல்லிக்குத்தான் தெரியவில்லை.

1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை, இந்துவாக இல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து தள்ளியது. சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியேதான். தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரே கூடி அடித்தாலும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்கு வராது. அடுத்தவருக்கு அந்தச் சட்டத்தில் மனு எழுதித் தருகிற நம் பணியாளர் தனக்கு எழுத முடியாது.

சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்தவர் சூசை. அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடருக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது. கிறிஸ்தவரான சூசைக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதி இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் தள்ளிவிட்டார்கள்.

ஆதாரம் எங்கே இருக்கிறது? திருச்சபையின் கையிலேயே! திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே எழுப்பிய சுவர் ஆதாரம் இல்லையா? எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களை 2008 மார்ச்சில் வன்னியக் கிறிஸ்தவர்கள் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் வன்னியர் இருவர் செத்தார்கள். இது ஆதாரம் இல்லையா? சபைக்குள் தீண்டாமை உண்டு என்று கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் தன் தலித் கொள்கையில் ஒப்புக்கொண்டதே!

ஆகஸ்ட் 10 வந்தால் கறுப்புக்கொடி பிடிக்கிறோம். கோரிக்கை நியாயமானது, ரங்கநாத் மிஸ்ரா ஆணையமும் 2007இல் அதையே பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஆணையம் கேட்பது ஆதாரம். கொடி பிடிக்கிற சபையோ ஊர் ஊராகக் கிடக்கிற ஆதாரத்தை எடுத்து வைக்கத் தயங்குகிறது. வைத்தால் முதல் கூண்டில் தானே ஏற வேண்டும் அல்லவா?

‘வீட்டு விஷயத்தை வெளியே சொன்னா இந்துத்துவக்காரனுக்குத்தான் லாபம்’ என்பார்கள். மூடி மறைத்தால்தான் அவனுக்கு லாபம். ‘உங்க மதத்துலதான் சாதியே இல்லையே, அப்புறம் எதுக்குச் சலுகை?’ என்று அவன் கேட்பது நம்முடைய பொய்யை வைத்துத்தானே?

புதுசாகச் சேர்ந்த தம்பி, தங்கச்சிகளே! முதல் மாசமே ஒரு நோட்டுப் போடுங்கள். உங்கள் பங்கில் யாருக்கு எங்கே கல்லறை? எந்தத் தெருவுக்குத் தேர் வராது? சபைப் பள்ளியில் பாடம் நடத்துவது எந்தச் சாதி, கூட்டிப் பெருக்குவது எந்தச் சாதி? உங்கள் அலுவலகத்தையும் விடாதீர்கள். ஊர், தேதி, சொன்னவர் கையெழுத்து என்று எழுதுங்கள். அந்த நோட்டை முதலில் ஆயரின் மேசையில் வையுங்கள், அப்புறம் ஆணையத்தின் மேசையில். உங்களுக்கு வேலை போனாலும் போகலாம். நோட்டு மட்டும் இரண்டு பிரதி இருக்கட்டும்.