விலகுபவர் வேட்பாளர், விலகலாகாதவர் வாக்காளர்

"வாக்குக் கேட்பதற்கு எங்கள் படலை வரைக்கும் வருகிறார்கள். விலகிப் போகும்போது மட்டும் ஒருவரும் சொல்லிக்கொண்டு போவதில்லையே, தம்பி!"

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் வாரத்தில், உருத்திரபுரத்துக் கமக்காரப் பெரியவர் ஒருவர் எம்மிடம் கூறிய வார்த்தைகள் இவை. காலபோகத்துக்கு நிலத்தை ஆயத்தம் செய்யும் வேளை அது. பெரியவர் கோபத்தோடு பேசவில்லை. கணக்குக் கேட்பவர் போலப் பேசினார். அந்தக் கணக்குக்கு விடை கூறுவது மேடையேறும் ஒவ்வொருவரதும் கடமை என்று நாம் கருதுகின்றோம்.

அவர் கேட்ட கணக்கு யாது? 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அவர் அன்னம் சின்னத்துக்கு, திரு. சஜித் பிரேமதாசவுக்கு வாக்களித்தவர். அவர் மட்டுமன்று, கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 312,722 பேர், அதாவது நூற்றுக்கு 83.86 பேர், அவ்வாறே வாக்களித்தனர். அத்தேர்தலில் வென்ற திரு. கோட்டாபய ராஜபக்ஷ 2022 ஜூலையில் பதவி துறந்தோடினார். எஞ்சிய காலத்துக்கு ஜனாதிபதியைப் பாராளுமன்றம் தெரிவு செய்ய வேண்டியதாயிற்று. போட்டியிடுவதாகக் கூறியிருந்த திரு. பிரேமதாச, வாக்கெடுப்புக்கு முதல் நாளாகிய ஜூலை 19ஆம் திகதி விலகிக்கொண்டு, திரு. டலஸ் அழகப்பெருமவை ஆதரித்தார். மறுநாள் திரு. ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளும், திரு. அழகப்பெரும 82 வாக்குகளும், திரு. அநுர குமார திஸாநாயக்க 3 வாக்குகளும் பெற்றனர். தாம் விரும்பியவர் 2019இல் தோற்றதைக் கண்ட உருத்திரபுரத்து வாக்காளர், 2022இல் அவர் களத்துக்கே வராததையும் கண்டார்.

பின்னர் 2024 வந்தது. தமிழ்க் கட்சிகள் சிலவும் சிவில் அமைப்புகளும் சேர்ந்து, மட்டக்களப்பின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் திரு. பா. அரியநேத்திரனைத் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நிறுத்தின. வேட்புமனு ஏற்கப்பட்டது; பிரசாரமும் நடந்தது. செப்டெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடிய இலங்கைத் தமிழரசுக் கட்சியின் மத்திய செயற்குழு, திரு. பிரேமதாசவை ஆதரிப்பதென்றும், கட்சி உறுப்பினரான திரு. அரியநேத்திரன் போட்டியிலிருந்து விலக வேண்டுமென்றும் தீர்மானித்தது. அவர் விலகவில்லை. அதே கட்சியைச் சேர்ந்த திரு. சி. சிறீதரன் சங்குக்கே ஆதரவாக நின்றார்.

"முன்பு நான் விரும்பியவர் தாமாக விலகினார். இப்போது நான் விரும்புகிறவரை விலகச் சொல்கிறார்கள். என் வாக்குக்கு என்ன நடக்கும்?" இதுவே பெரியவரின் கேள்வி.

எத்தீர்மானம் சரி, எது பிழை என்று தீர்ப்புக் கூற நாம் இங்கு முற்படவில்லை. வாக்காளரின் உரிமை யாது என்பதையே ஆராய்கின்றோம்.

முதலாவது, சட்டம். ஜனாதிபதித் தேர்தலில் வேட்புமனு ஏற்கப்பட்ட பின்னர் ஒருவர் ஆயிரம் மேடைகளில் "விலகிவிட்டேன்" என்று முழங்கினாலும், வாக்குச்சீட்டில் அவருடைய பெயரும் சின்னமும் இருந்தே தீரும். அவருக்கு விழும் வாக்கு அவருடைய வாக்காகவே எண்ணப்படும். 2024இல் வேட்புமனு ஏற்கப்பட்ட பின் சுயேச்சை வேட்பாளர் ஜனாப் இத்ரூஸ் முகமது இலியாஸ் காலமானார். அவருடைய பெயரும் அடங்கலாக 39 பெயர்களோடுதான் வாக்குச்சீட்டு எம் கைக்கு வந்தது. மரணமே அகற்றாத பெயரை மத்திய செயற்குழுத் தீர்மானம் எவ்வாறு அகற்றும்?

இரண்டாவது, பலரும் மறந்துவிட்ட ஓர் உரிமை. எமது வாக்குச்சீட்டில் ஒரு தெரிவு மட்டுமன்று, 1, 2, 3 என மூன்று தெரிவுகளை இலக்கமிட இடமுண்டு. எவரும் பாதிக்கு மேல் பெறாதவிடத்து, முதலிருவர் தவிர்ந்த ஏனையோர் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் அவ்விருவருள் ஒருவருக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் தெரிவு இடப்பட்டிருப்பின், அது அவருடைய கணக்கில் சேரும். ஒரு வாய்க்கால் அடைபட்டால் தண்ணீரைக் கிளை வாய்க்காலால் திருப்புவது இரணைமடுக் கமக்காரருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தையன்று. இரண்டாம் தெரிவு அத்தகைய கிளை வாய்க்காலே. முதல் தெரிவுக்கு அதனால் எள்ளளவும் குறைவில்லை.

2024 செப்டெம்பர் 21ஆம் திகதித் தேர்தலில் இந்நாட்டில் முதன்முறையாக இந்த இரண்டாம் எண்ணிக்கை நடைபெற்றது. திரு. திஸாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் 5,634,915, திரு. பிரேமதாசவுக்கு 4,363,035. ஏனையோர் பெற்றவை 33 இலட்சத்துக்கு மேல். இந்த 33 இலட்சம் சீட்டுகளிலிருந்து முன்னவருக்குச் சேர்ந்தவை 105,264. பின்னவருக்குச் சேர்ந்தவை 167,867. அதாவது பத்தில் ஒரு பங்கும் தேறவில்லை! மிகுதிச் சீட்டுகள் இறுதித் தீர்ப்பில் வாய் திறக்கவில்லை. சங்குக்கு நாடெங்கும் கிடைத்த வாக்குகள் 226,343. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் திரு. பிரேமதாசவுக்கு 121,177, திரு. அரியநேத்திரனுக்கு 116,688. "இவரா, அவரா?" என்று வீட்டுக்கு வீடு பிரிந்து வாதாடிய எம்மக்களிடம், "இவருக்கு ஒன்று, அவருக்கு இரண்டு என்றும் இடலாம்" என்று எடுத்துரைத்த தலைவர்கள் எத்தனை பேர்?

மூன்றாவது, நீதி. வேட்பாளர் விலகவே கூடாதென்று நாம் கூறவில்லை. அமெரிக்காவில் 2024 ஜூலை 21ஆம் திகதி ஜனாதிபதி ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகினார். தம் கட்சியின் முன்தேர்தல்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றிருந்தவர் அவர். விரும்பியவர்கள் வருந்தினர்; ஆயினும் கட்சி மாநாடு கூடுமுன், வாக்குச்சீட்டில் பெயர் ஏறுமுன் அவர் விலகினார். தம் மக்களுக்கு ஒரு கடிதமும் எழுதினார். விலகுவதற்கும் ஒரு காலமுண்டு, ஒரு முறையுண்டு. வேட்பாளர் மக்களின் நம்பிக்கையைப் பொறுப்பேற்றவர். விதைப்புக்கு முன் "இம்முறை நான் பங்குக்கு இல்லை" என்பவரைக் கமக்காரர் மன்னிப்பார். பயிர் குடலையில் நிற்கும்போது வரம்பைவிட்டு இறங்குபவரை மன்னிப்பாரா?

ஆகவே, வேட்பாளர் எவராயினும் விலகும் எண்ணமிருப்பின் வேட்புமனுவுக்கு முன் கூறிவிடட்டும். ஒருவரை விலகுமாறு கோரும் கட்சி, மண்டபத்தில் தீர்மானம் நிறைவேற்றுவதோடு நில்லாமல், உருத்திரபுரத்துக்கும் முறிகண்டிக்கும் முள்ளியவளைக்கும் வந்து காரணம் கூறட்டும். இது சலுகையன்று, மக்களுக்குத் தரவேண்டிய கடன்.

இறுதியாக, வாக்காளருக்கு ஒரு வார்த்தை. "விரும்பியவர் இல்லையெனில் வீட்டிலேயே இருந்துவிடுவோம்" என்பது மனம் நொந்தவரின் முதல் நினைப்பு. அதன் விலையை நாம் அறிவோம். 2005 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. விலகி நின்றவர்களும் உண்டு. விலக்கி நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. திரு. மகிந்த ராஜபக்ஷ அன்று வென்றது 180,786 வாக்குகளால். எம் வாக்கு எப்பக்கம் சாய்ந்திருக்கும் என்று இன்று வாதிடுவதில் பயனில்லை. நாட்டின் தலைவிதி எழுதப்பட்ட ஏட்டில் எமது கையெழுத்து இல்லை என்பதே வரலாறு. அதன் பின் வன்னி மண் அனுபவித்ததை வன்னி மக்களுக்கு நாம் எழுதிக்காட்ட வேண்டியதில்லை.

வேட்பாளர் வருவார், போவார். அன்னம் போகும், சங்கு வரும், இன்னொன்று வரும். வாக்கு மட்டும் வாக்காளருடையது. அதை எவரும் அவர் சார்பில் மீளப்பெற முடியாது. எவரும் அவரைக் கேளாது இன்னொருவருக்குக் கைமாற்றவும் முடியாது.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் கூறினோம். சற்று நேரம் யோசித்தார். "அப்படியென்றால், அவர் விலகினாலும் நான் விலகத் தேவையில்லை" என்றார். எவருக்கு வாக்களித்தார் என்று நாம் பின்னர் கேட்கவில்லை. அது அவருடைய இரகசியம். ஆனால் அவர் கண்ட உண்மை இரகசியமாக இருத்தலாகாது. ஊர்தோறும் அதனை எடுத்துரைப்போமாக!