கண் முந்தினால் கால் இடறும்

கடந்த தீபாவளிக்கு முந்திய வாரம், பாட்டியை இரவுச் சந்தைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். சாலையிலிருந்து நடைபாதைக்கு ஏறப் பாட்டி காலைத் தூக்கிய அதே நொடியில், "பாட்டி, அங்கே பாருங்க, முறுக்குக் கடை!" என்றேன். பாட்டியின் கண் கடைக்குப் போனது; கால் விளிம்பில் இடித்தது. நல்லவேளை, கையைப் பிடித்திருந்தேன். வீட்டில் அம்மா, "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டது பாட்டியை. தவறு செய்தவனோ நான்!

நடப்பது காலின் வேலை மட்டுமே என்று எண்ணுகிறோம். உண்மையில் உட்செவி, தசை மூட்டுகளின் உணர்வு, கண் ஆகிய மூன்றும் கூடித்தான் நம்மை விழாமல் காக்கின்றன. ஒவ்வோர் அடிக்கும் தலை குலுங்குகிறது. அதற்கு எதிர்த்திசையில் கண்விழி உடனே திரும்புவதால்தான் உலகம் ஆடாமல் தெரிகிறது. வயது ஏற ஏற உட்செவியும் பாதத்தின் உணர்வும் மங்குவதால், முதியோர் பலர் கண்ணையே அதிகம் நம்பி நடக்கிறார்கள்.

அந்தக் கண்ணே சில சமயம் முந்திக்கொள்கிறது. பிரிட்டனில் மார்க் ஹாலண்ட்ஸ் குழுவினர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. இளையோர் கால் வைக்கும் இடத்தை, பாதம் பதியும்வரை பார்க்கிறார்கள். விழும் அபாயம் மிகுந்த முதியோரோ, பாதம் பதியும் முன்பே அடுத்த இடத்திற்குப் பார்வையை மாற்றிவிடுகிறார்கள். 2010ஆம் ஆண்டு ஆய்வில், பாதம் பதியும்வரை அந்த இடத்தையே பார்க்கும்படி சொன்னபோது, அவர்கள் கால் வைப்பது முன்பைவிடச் சரியாக அமைந்தது.

அப்படியானால் தரையையே பார்த்து நடக்கச் சொல்லலாமா? அதுவும் சரியன்று. எதிரே வருவதையும் பார்த்தாக வேண்டும். அவர்களுக்குத் தேவை அறிவுரையன்று, நேரம். முதலில் தூரத்தைப் பார்க்க ஒரு நொடி, பிறகு அடியைப் பார்க்க ஒரு நொடி.

சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டு அறிமுகமான ஒரு திட்டத்தின்படி, முதியவர் தம் அட்டையைச் சாலைச் சந்திப்பிலுள்ள கருவியில் காட்டினால், கடப்பதற்கான பச்சை விளக்கு சில நொடிகள் கூடுதலாக எரியும். ஓர் இயந்திரம் கொடுக்கும் நொடிகளைப் பேரப்பிள்ளைகளாகிய நாம் கொடுக்கிறோமா? நான்கு அடி முன்னே போய் நின்றுகொண்டு, "சீக்கிரம் வாங்க" என்கிறோம். படியில் இறங்குபவரிடம் கைத்தொலைபேசியை நீட்டிப் படம் காட்டுகிறோம்.

இது சிறிய விஷயமன்று. உலகில் ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் விழுந்து உயிரிழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம்.

நண்பர்களே, கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே விரிவுரை மண்டபப் படிகளில் இறங்கும் நம்மை, நம் இளமை இன்று மன்னித்துவிடுகிறது. பாட்டியின் கால்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அடுத்த முறை அவருக்குப் பக்கத்திலேயே நடப்போம். படி வந்தால் பேச்சை நிறுத்துவோம். பாதம் பதிந்த பிறகு முறுக்குக் கடையைக் காட்டலாம்; கடை எங்கும் ஓடிவிடாது.