வேண்டாம் என்று சொன்னால் மெஷினுக்கும் கேட்க வேண்டும்



தீபாவளிக்குத் தாராபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்தேன். பில் போடும்போது செல் நம்பர் கேட்டார்கள், சொன்னேன். அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் ஓயாத தள்ளுபடி விளம்பரம். நேரில் போய் "வேண்டாம்" என்றேன். "சரிங்க சார்" என்றது கவுன்டரில் இருந்த பிள்ளை. அடுத்த வாரமும் வந்தது. அந்தப் பிள்ளைமேல் தப்பில்லை. நான் சொன்னது அதன் காதோடு நின்றுவிட்டது. மெசேஜ் அனுப்பும் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை.

இதற்கு வழி உண்டு. டிராயின் 2018 விதிப்படி, 1909-க்கு நாம் சொல்லும் விருப்பம் பிளாக்செயின் பதிவேட்டில் ஏறுகிறது. விளம்பர எஸ்.எம்.எஸ். எதுவும் அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகே வெளியே போக வேண்டும். தொல்லை முழுக்க ஒழியவில்லைதான். ஆனாலும் யாருடைய ஞாபகசக்தியையும் நம்பாத ஏற்பாடு அது. வாட்ஸ்அப் மட்டும் அதற்குள் வராது.

சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

உங்களில் பலர் கடையும் பனியன் கம்பெனியும் நடத்துகிறீர்கள். சிலர் சாஃப்ட்வேர் எழுதுகிறீர்கள். பில் போடும் திரையில், நம்பருக்குப் பக்கத்தில் "விளம்பரம் அனுப்பலாமா?" என்று ஒரு கட்டம் வையுங்கள். வாடிக்கையாளர் சரி என்று சொல்லி அதில் டிக் விழாதவரை, விளம்பரப் பட்டியலில் அந்த நம்பர் ஏறவே கூடாது. முதலாளியே சொன்னாலும் ஏறக் கூடாது.

செய்தவர்கள் கீழே எழுதுங்கள். பொங்கலுக்கு உங்கள் கடைக்கே வருகிறேன்.