கீசர் வாங்கப் போறீங்களா?

டெல்லிக்கு மாத்தலாகி வர்ற நம்ம ஊர்க்காரங்க நவம்பர் வந்தா கேக்குறது, "எந்த கீசர் சார் வாங்கலாம்?" உடனே யாராவது சொல்லிடுவாங்க, "கேஸ் கீசர் போடுங்க, கரண்ட் பில் மிச்சம்."

பாத்ரூமுக்குள்ள அது வேணவே வேணாம். குளிருக்கு ஜன்னலை அடைச்சுட்டுத்தான் குளிப்போம். எரியறதுக்குக் காத்து பத்தாம கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மயங்கி விழுந்தா, கதவு உள்பக்கம் தாழ்ப்பாள்.

மிச்சம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டேன் (பேங்க் புத்தி!). 15 லிட்டர் தண்ணியை 15 டிகிரியிலேர்ந்து 45க்குக் கொண்டுவர ஏறக்குறைய அரை யூனிட். யூனிட் 8 ரூபாய்னு வச்சாலும் 4 ரூபாய். இதுல எதை மிச்சம் பிடிக்கிறது?

கரண்ட் கீசர்ல ஸ்டார் பாத்து வாங்குங்க. அது சூடாக்குற வேகத்துக்குக் குடுக்கறது இல்ல. சூடான தண்ணி சும்மா இருக்கும்போது எவ்வளவு சூடு வீணாகுதுங்கறதுக்கு. ஆளுக்கொரு நேரம் குளிக்கிற வீட்டுக்கு அஞ்சு ஸ்டார்தான் சரி. போர் தண்ணின்னா டேங்குக்குள்ள இருக்கிற மெக்னீசியம் ராடை வருஷத்துக்கு ஒருதடவை பாக்கச் சொல்லுங்க.

வாடகை வீட்டுல ஏற்கெனவே கேஸ் கீசர் இருக்கா? ஓனர்கிட்ட பேசி பால்கனிக்கு மாத்தச் சொல்லுங்க. அதுவரைக்கும் கதவைத் திறந்து வச்சு பக்கெட்ல பிடிச்சு, கீசரை அணைச்சுட்டு, கொஞ்சம் காத்தாட விட்டு அப்புறமா குளிங்க.